வீட்டுச் சாமான் ஏலத்தில் ஒரு புட்டி நிறையக் காசு: எடுக்கலாமா?

ஓட்டைக்காலணா | வியாழன், இரவு 9.40

வணக்கம். காரைக்குடிக்குத் தெற்கே ஓர் ஊரில் பெரிய வீடு ஒன்றில் சாமான்களை ஏலம் விடுகிறார்கள். எட்டுப் பங்காளிகள், அவர்களில் ஆறு பேர் ஊரிலேயே இல்லை. வீட்டை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. உள்ளே இருப்பதை மட்டும் வரும் ஞாயிற்றுக்கிழமை முகப்பில் வைத்து விற்றுவிடப்போகிறார்களாம். என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர் அந்த வீட்டுக்குத் தூரத்து உறவு. அவரோடு போய் நேற்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தேன்.

பித்தளை அண்டா, எனாமல் தூக்கு, தேக்கு அலமாரி எல்லாம் எனக்கு வேண்டாம். காசு மூன்று இடத்தில் இருக்கிறது. ஒரு சுருக்குப் பையில் வெள்ளி ரூபாய்கள், ஐம்பது இருக்கலாம். இரும்புப் பெட்டியின் உள்தட்டு ஒன்றில் பெரிய பெரிய வெள்ளிக் காசுகள். அந்த வீட்டில் அதைக் கப்பல் காசு என்கிறார்கள். மூன்றாவது, ஒரு பழைய ஹார்லிக்ஸ் புட்டி. கழுத்து வரை செம்பும் நிக்கலும் கலந்து கிடக்கிறது. மூன்றையும் தனித்தனியாக ஏலம் விடுவார்கள்.

சேகரிக்க ஆரம்பித்து இரண்டு ஆண்டுதான் ஆகிறது. இதுவரை கண்காட்சியிலும் ஒரே ஒரு கடையிலும்தான் வாங்கியிருக்கிறேன். கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லுங்கள்.

பெட்டகம் | வியாழன், இரவு 10.25

முதலில் அந்தப் பதினைந்தில் ஐந்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு தரம், இரண்டு தரம் என்று குரல் ஏறும்போது கை நம் பேச்சைக் கேட்காது.

நான் பட்டதைச் சொல்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் மதுரையில் ஒரு வக்கீல் வீட்டுச் சாமான் ஏலம். தட்டில் நாற்பது வெள்ளி ரூபாய், மேலே தெரியும்படி ஒரு 1911. தெரியாதவர்களுக்கு: ஐந்தாம் ஜார்ஜின் முதல் ரூபாய் அது. அரசர் உடையில் தொங்கும் பதக்கச் சங்கிலியில் ஒரு யானை உண்டு. அச்சில் அது பன்றி போல வந்துவிட்டது. இந்துவும் முகம் சுளித்தான், முஸ்லிமும் முகம் சுளித்தான். அரசாங்கம் நிறுத்திக்கொண்டு, 1912இல் தும்பிக்கையைத் தெளிவாக்கி மறுபடி அடித்தது. அதனால்தான் 1911க்குப் பன்றி ரூபாய் என்று பெயரும் தனி மதிப்பும். அந்த ஒரு காசுக்காக மொத்தத் தட்டையும் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கையில் எடுத்துப் பார்த்தால், மகுடத்துக்கு நேர் மேலே, பக்கத்துக் காசு மறைத்திருந்த விளிம்பில், வளையம் பற்றவைத்து எடுத்த தடம். எந்தக் காலத்திலோ யாரோ ஒரு பெண்ணின் கழுத்தில் மாலையாகக் கிடந்த காசு. காசைத் தட்டில் யார் அடுக்கினார்களோ, அவருக்கு என்னைவிட விவரம் அதிகம்.

இனிக் கணக்கு. 1835 முதல் 1939 வரையிலான வெள்ளி ரூபாய் ஒவ்வொன்றும் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. எனவே உள்ளே சுத்த வெள்ளி 10.69 கிராம். 1940 முதல் 1945 வரை உள்ளவற்றில் எடை அதேதான், வெள்ளி பாதி, 5.83 கிராம். 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை, முழுக்க நிக்கல், பின்னால் புலி இருக்கும். சுருக்குப் பையில் ஐம்பது காசு இருந்தால், 1940 முதல் வந்த ஆறாம் ஜார்ஜ் தலைக் காசு எத்தனை என்பதை முதலில் எண்ணுங்கள். ஏலக்காரர் ஐம்பதையும் வெள்ளி ரூபாய் என்று ஒரே மூச்சில்தான் சொல்வார். முப்பது பழையது, இருபது பாதி வெள்ளி என்றால் உங்கள் கணக்கு வேறு. ஒரு கிலோ எடைக்கு 85, 86 ரூபாய்க் காசுகள் நிற்கும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ண விடாவிட்டால் எடை போட்டாவது பார்க்கலாம்.

ஆறாம் ஜார்ஜ் 1939 என்று ஒன்று கண்ணில் பட்டால் மூச்சை விட்டுவிடாதீர்கள். பம்பாய் அக்கசாலையில், அதாவது அரசு காசு அடிக்கும் ஆலையில், அடித்த அரிய காசு அது, அரியது என்பதாலேயே போலியும் அதிகம். அந்த ஒரு காசை நம்பி விலையேற்ற வேண்டாம்.

உரைகல் | வெள்ளி, காலை 6.10

ஒரு வங்கியில் நகை மதிப்பீட்டாளராக இருபத்தாறு ஆண்டுகள் இருந்தவன், பரம்பரைத் தொழிலும் அதுதான். பெட்டகம் ஐயா சொன்ன வளையத் தடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் பொடி வைத்து ஊதிப் பற்றவைப்போம். பிறகு எவ்வளவு நன்றாக அரம் போட்டாலும் அந்த இடத்து வெள்ளியின் நிறம் சற்று மஞ்சளாகவோ சாம்பலாகவோ நிற்கும். விளிம்பில் உள்ள பல் வரிசை அந்த இடத்தில் வழுக்கையாக இருக்கும். கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. காசை விரல் நுனியில் பிடித்து ஒரு சுற்று உருட்டுங்கள், நகம் தானே சொல்லிவிடும். ஏலத்தில் கண்ணாடி வைத்துப் பார்க்க விடமாட்டார்கள், உருட்டிப் பார்ப்பதை யாரும் தடுக்கமாட்டார்கள்.

வெள்ளியா என்று பார்க்க உரசிப் பார்க்காதீர்கள், காசு கெட்டுவிடும். பாக்கெட் தராசு ஒன்றும் ஒரு டம்ளர் தண்ணீரும் போதும். காசைத் தராசில் வைத்து எடை பாருங்கள். பிறகு டம்ளரைத் தராசில் வைத்து எண்ணைப் பூச்சியமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். பழைய ரூபாய் என்றால் தராசு 1.13 கிராம் அளவில் காட்ட வேண்டும். முதல் எடையை இதால் வகுத்தால் 10.3க்குப் பக்கத்தில் வரும். ஒன்பதுக்குக் கீழே வந்தால் அது பித்தளைக்கோ செம்புக்கோ வெள்ளி முலாம் பூசியது. என் மனைவி இதைச் சமையலறையில் செய்து பார்த்துவிட்டு, நீங்கள் வங்கியில் இருபத்தாறு ஆண்டு இதைத்தான் செய்தீர்களா என்று கேட்டாள்.

காந்தமும் கொண்டுபோங்கள். நிக்கல் ரூபாய் ஒட்டும், வெள்ளி ஒட்டாது.

புதியவன்88 | வெள்ளி, காலை 9.02

என்னிடம் வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய் இருக்கிறது. 10 லட்சம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். யாரிடம் விற்பது?

பெட்டகம் | வெள்ளி, காலை 9.15

டீக்கடையில். ஒரு டீயும் கொடுக்கமாட்டார்கள். அது 2012இல் புழக்கத்துக்கு வந்த நினைவுக் காசு. பதிவுக் கட்டணம், வரி என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். தன் பெயரைச் சொல்லிப் பழைய காசு, நோட்டு வாங்குவதாக ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது.

வளவுக்காரி | வெள்ளி, பகல் 1.30

நானும் அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வீட்டில் பிறந்தவள்தான், இப்போது கோவையில் இருக்கிறேன். எங்கள் வீட்டுச் சாமானும் இப்படித்தான் போயிற்று. மூன்று நாளில் லாரியில் ஏற்றிவிட்டார்கள். என் பாட்டி சீதனமாகக் கொண்டுவந்த செம்புக் குடத்தைச் சென்னையில் ஒரு ஓட்டல் வாசலில் குடை சொருகி வைத்திருப்பதைப் பார்த்தேன். அதனால் இங்கே எழுதுவதைப் படிக்கும்போது கொஞ்சம் கசக்கத்தான் செய்கிறது.

அது போகட்டும், உபயோகமாக ஒன்று சொல்கிறேன். சேகரிப்பவர்கள் எல்லோரும் பளபளவென்று இருக்கும் காசைப் பார்த்தால் யாரோ ஏமாற்றுவதற்காகத் தேய்த்திருக்கிறான் என்று நினைக்கிறீர்கள். எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முந்தைய வாரம் பூசைச் சாமானோடு காசுகளையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்போம். சிறுபிள்ளைகளுக்கு அதுதான் வேலை. அரசர் மூக்கு தேயத் தேயப் பாராட்டு கிடைக்கும். பிறகு சந்தனம் குங்குமம் வைத்து மறுபடி பெட்டிக்குள் போகும். ஆகவே தேய்த்த காசு என்றால் போலி என்று முடிவு கட்டாதீர்கள், நல்ல குடும்பத்துக் காசுதான் அதிகம் தேய்ந்திருக்கும்.

பெட்டகம் | வெள்ளி, பகல் 2.05

அம்மா, கசப்பு புரிகிறது. ஆனால் புளி பட்ட காசு போலி இல்லை என்பது சரி, அதற்குச் சேகரிப்பாளர் கொடுக்கும் விலையும் இல்லை. வெள்ளியின் மேல் தானாக ஏறும் கருமைதான் அதன் தோல். உரித்துவிட்டால் அதே தோல் மீண்டும் வராது. தம்பி, பையில் பளபளக்கும் காசுகளுக்கு வெள்ளி விலை மட்டும் போடுங்கள்.

பினாங்குத்தம்பி | வெள்ளி, இரவு 8.50

கப்பல் காசு என்றதும் உள்ளே வந்துவிட்டேன் அண்ணே. அது எங்கள் ஊர்க் காசாக இருக்க வாய்ப்பு அதிகம். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் பினாங்கு, ரங்கூன், சைகோன், கொழும்பு என்று போன இடத்துக் காசையெல்லாம் பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

ஈட்டி போன்ற திரிசூலத்தோடு ஒரு பெண் நிற்கிறாளா? பின்னால் சீன எழுத்தும் ஜாவி எழுத்தும் (அரபு எழுத்தில் மலாய்) இருக்கிறதா? அது பிரிட்டிஷ் வர்த்தக டாலர். 1895 முதல் 1935 வரை உள்ள ஆண்டுகளில் வரும். பெரும்பாலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும்தான் அடித்தார்கள். எடை 26.95 கிராம், நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி. திரிசூலத்தின் நடுமுனையில் பொடியாக ஒரு ‘பி’ இருந்தால் பம்பாய். இந்தக் காசுக்குச் சந்தையில் போலி மழை போலக் கொட்டுகிறது. என் கைக்கு வந்த ஒன்று 21 கிராம்தான் இருந்தது, பார்வைக்கு அச்சு அசல்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எடை குறைந்தால் போலி என்ற சூத்திரத்தை அரசர் தலை போட்ட நீரிணைக் குடியேற்ற (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) டாலருக்குப் பயன்படுத்திவிடாதீர்கள். ஏழாம் எட்வர்ட் 1903, 1904 காசு 26.95 கிராம். வெள்ளி விலை ஏறிப்போய், காசை உருக்கினால் அதிகம் கிடைக்கும் நிலை வந்ததும் 1907இல் 20.21 கிராமாகச் சிறுத்துவிட்டது. ஐந்தாம் ஜார்ஜ் காலத்தில் 1919, 1920இல் 16.85 கிராம், அதிலும் பாதிதான் வெள்ளி. மூன்றும் அசல்தான். இங்கேயே இதனால் அசலைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. பெண் நின்றால் 26.95, அரசர் என்றால் ஆண்டைப் பாருங்கள்.

சைகோனில் புழங்கிய பிரெஞ்சு ஆட்சி வெள்ளிக் காசு பியாஸ்தர் 27 கிராம், அதுவும் இருக்கலாம். பெட்டியில் வாழைமரம் போட்ட பத்து டாலர் நோட்டு இருந்தால் எனக்காக எடுத்து வையுங்கள். ஜப்பான்காரன் காலத்து நோட்டு, போர் முடிந்த அன்றைக்கே குப்பை. என் தாத்தா ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருந்து, பிறகு அதைக் கொண்டு அடுப்பு மூட்டியதாகச் சொல்வார். டாலர் ஒன்று கிடைத்தாலும் அனுப்பினால் நல்ல விலை கொடுக்கிறேன்.

சட்டப்புள்ளி | வெள்ளி, இரவு 10.12

அனுப்பக்கூடாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. நூறு ஆண்டு கடந்த எந்தக் காசும் அதன்படி தொல்பொருள். தனி ஆள் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. பையில் போட்டு விமானத்தில் கொண்டுபோவதும் அனுப்புவதுதான். காசு பினாங்கில் புழங்கியது என்பதால் விலக்கு கிடையாது. தொல்பொருள் வியாபாரம் செய்ய உரிமமும் வேண்டும். இங்கே கடை வைத்திருக்கும் சிலர் இந்த வரியை வேகமாகத் தாண்டிப் படிப்பார்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. ஏலத்தில் வாங்கிய தேக்கு அலமாரியின் இரகசிய அறையில் காசு இருந்தால் அது ஒரு கதை. அந்த வீட்டுச் சுவரை இடிக்கும்போது கல்லுக்குள் கலயம் இருந்தால் அது வேறு கதை. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் மண்ணில் மறைந்திருப்பதை மட்டும் சொல்லவில்லை, மண்ணோடு பொருத்தப்பட்ட எதில் மறைந்திருந்தாலும் புதையல் என்கிறது. வீட்டுச் சுவர் அதில் அடங்கும். மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது அன்றைய வரம்பு, இன்று வரை மாற்றவில்லை.

வாங்கும்போது ஒரு துண்டுச் சீட்டிலாவது ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். எந்த வீடு, என்ன தேதி, எத்தனை காசு. பங்காளிகளில் யாராவது ஒருவர் பிறகு நான் சம்மதிக்கவில்லை என்று கிளம்பினால் கையில் அது இருக்க வேண்டும்.

தெருமுனைக்கடை | சனி, காலை 11.20

உரிமம் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறது, வக்கீல் ஐயா வந்தால் காபியோடு காட்டுகிறேன்.

வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்துகொண்டு ஏலத்தில் வாய் திறக்கமாட்டார்கள், பிறகு டீக்கடையில் தங்களுக்குள் மறு ஏலம் போட்டுக்கொள்வார்கள் என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். நடக்கும். எல்லா இடத்திலும் நடக்காது. மூன்று பேர் சும்மா நின்று ஒருவர் மட்டும் கேட்டால், ஏலம் முடிந்ததும் நால்வரும் ஒரே காரில் ஏறினால், புரிந்துகொள்ளுங்கள். சிலர் இன்னும் மாட்டுத் தரகர் மாதிரி தோள் துண்டுக்குள் விரல் பிடித்தே பேசி முடித்துவிடுவார்கள், பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. அதைத் தடுக்க உங்களால் முடியாது. ஆனால் தனி ஆள் ஒருவர் துணிந்து கேட்டாலே அந்தக் கூட்டு பாதி கலைந்துவிடும்.

எங்கள் பக்கத்தையும் பாருங்கள். நாங்கள் கால் உடைந்த நாற்காலியையும் ஓட்டை அண்டாவையும் சேர்த்துத்தான் எடுக்கிறோம், லாரி வாடகை கொடுக்கிறோம். நீங்கள் பாலில் ஆடையை மட்டும் எடுத்துக்கொண்டு போக வருகிறீர்கள்.

தம்பிக்கு ஒன்று. எல்லோரும் வெள்ளியைப் பார்ப்பார்கள். புட்டியைப் பாருங்கள்.

ஓட்டைக்காலணா | சனி, இரவு 7.45

எல்லோருக்கும் நன்றி. தராசு, காந்தம், நூல், தண்ணீர்ப் புட்டி, துண்டுச் சீட்டு எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. பத்தாயிரம்தான் கொண்டுபோகிறேன். என் மனைவி கல்யாணத்துக்குப் பெண் பார்க்கக்கூட நீங்கள் இவ்வளவு தயார் செய்யவில்லை என்கிறாள்.

ஓட்டைக்காலணா | ஞாயிறு, இரவு 9.55

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

பத்து மணிக்கு என்றார்கள், பதினொன்றரைக்கு ஆரம்பித்தது. முகப்புத் திண்ணையில் மேசை போட்டு, பங்காளிகளில் மூத்தவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஏலம் விட்டவர் கோயில் ஏலங்களில் தேங்காயும் எலுமிச்சம்பழமும் விட்டுப் பழகிய குரல். எலுமிச்சம்பழம் விடுவது போலவே பித்தளைக் குத்துவிளக்கையும் விட்டார். கூட்டம் ஐம்பது பேர் இருக்கும்.

இரும்புப் பெட்டித் தட்டிலிருந்த கப்பல் காசு முதலில் வந்தது. பதினான்கு. எடை பார்க்க வேண்டும் என்றேன். சிரித்தார்கள். மூன்றே மூன்று எடுத்துப் பாருங்கள் என்றார் மூத்தவர். இரண்டு 26.9. மூன்றாவது, பெண் நிற்கும் காசு, 21.3. பினாங்குத்தம்பியை நினைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்ப வைத்தேன். மூன்றில் ஒன்று இப்படி என்றால் மீதிப் பதினொன்றை நம்பிக் கேட்கத் துணிவு வரவில்லை. அந்த வீட்டிலேயே நூறு ஆண்டாக இருந்த தட்டில் போலி எப்படி வந்தது என்பதுதான் புரியவில்லை. சென்னையிலிருந்து வந்த ஒருவர் நான் நினைத்ததைப் போல இரண்டு மடங்குக்கு எடுத்தார்.

சுருக்குப் பையில் 52 ரூபாய். மேசையில் கொட்டினார்கள், எண்ணிவிட்டேன். ஆறாம் ஜார்ஜ் பாதி வெள்ளி 19. உருட்டிப் பார்த்ததில் வளையத் தடம் 11. ஒரு 1840 நன்றாக இருந்தது. தலைக்கு மேல் எழுத்து ஒரே ஓட்டமாகப் போகாமல் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கும் வகை. உருக்கினால் கிடைக்கும் வெள்ளியின் விலையைக் கணக்குப் போட்டு, அந்த ஒரு காசுக்காகக் கொஞ்சம் சேர்த்து, ஓர் எண்ணை உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தேன். இரண்டாவது கேள்வியிலேயே அதைத் தாண்டிவிட்டார்கள். பத்தாயிரம்தான் கையில் இருக்கிறது என்பது அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது.

புட்டியைத் திறக்க முடியவில்லை, மூடி துருவேறி இறுகிவிட்டது. அப்படியே புட்டியோடு என்றார். கண்ணாடி வழியாகச் சதுரமாகச் சில காசுகளும், மிளகு மாதிரிப் பொடிச் செம்பும் தெரிந்தன. என்னைத் தவிர இரண்டு பேர் கேட்டார்கள். 4,800க்கு எனக்கு முடிந்தது. ரசீதும் வாங்கிவிட்டேன்.

தெருமுனைக்கடை | ஞாயிறு, இரவு 10.10

நீலச் சட்டை, கழுத்தில் நூல் சுற்றிய தராசு. நீங்கள்தானா அது! உங்களோடு 4,500 வரை கேட்டது நான்தான். புட்டியைப் பாருங்கள் என்று நானே எழுதிவிட்டு நானே கேட்டேன், என்ன செய்வது.

பையும் என்னிடம்தான் இருக்கிறது. வளையத் தடம் பதினொன்று இல்லை, பதின்மூன்று. அந்த 1840 வேண்டுமென்றால் கடைக்கு வாருங்கள்.

ஓட்டைக்காலணா | திங்கள், இரவு 8.30

மூடியைத் திறக்க என் அப்பா தேங்காய் எண்ணெய் விட்டு ஒரு பகல் வைத்தார். செய்தித்தாளைப் பரப்பிக் கொட்டினோம். பட்டியல்:

என் பெயருக்கு உரிய ஓட்டைக் காலணா 37, எல்லாம் 1943க்கும் 1947க்கும் இடையில். நயா பைசா ஒரு கைப்பிடி. நிக்கல் அணா, அரையணா. சதுரக் காசு 12. கறுத்துத் தேய்ந்த பெரிய செம்பு ஒன்று, பாரசீக எழுத்தும் ஒரு எக்ஸும் தெரிகிறது. ராமர் பட்டாபிஷேகம் போட்ட தடித்த காசு 2, பின்னால் யு.கே.எல்., ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818. மிளகுப் பொடி என்று நினைத்ததெல்லாம் குண்டு குண்டான சின்னச் செம்புக் காசு, ஒரு பக்கம் உட்கார்ந்த அம்மன். அது மட்டும் 143.

பெட்டகம் | திங்கள், இரவு 9.00

அம்மன் காசு! புதுக்கோட்டை சமஸ்தானத்துக் காசு ஐயா அது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் விஜய. அணாவுக்கு இருபது, ரூபாய்க்கு 320. நவராத்திரியில் அரண்மனையில் அரிசியோடு இதையும் கொடுப்பார்கள். கையால் அடித்தது கோணல்மாணலாக, அம்மன் பாதி வெளியே போய் இருக்கும். பிற்காலத்தில் இயந்திரத்தில் அடித்தது வட்டமாக, விளிம்போடு இருக்கும். இரண்டையும் முதலில் பிரியுங்கள். உங்கள் வீட்டில் யாரும் புளியை எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கியமாக அப்பா.

எக்ஸ் போட்டது கும்பினியின், அதாவது ஈஸ்ட் இந்தியா கம்பெனியின், பத்துக் காசு. ஆண்டு 1808 என்றால் இன்னும் சந்தோஷம். அந்த ஆண்டுக் காசை இங்கிலாந்தில் அடித்து, சென்னைக்கு அனுப்பிய கப்பல் அட்மிரல் கார்டனர், 1809 ஜனவரியில் அங்கேயே மணல் திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் மூட்டை மூட்டையாக எடுத்தார்கள். இன்று விற்பனைக்கு வருவதில் பல அந்தக் கடல் காசுகள்தான், ஒரு கைகூடப் படாதவை. உங்களுடையது தேய்ந்திருக்கிறது என்றால் அது வந்து சேர்ந்த காசு. இங்கே யாரோ அதைக் கொடுத்து மிளகாய் வாங்கியிருக்கிறார்கள்.

பட்டாபிஷேகக் காசு இரண்டையும் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிடுங்கள். கும்பினி அப்படி ஒரு செம்புக் காசே அடித்ததில்லை. இதை வைத்துத்தான் அரிசியை இழுக்கும், இரிடியம் என்று சொல்லிக் கோடிக் கணக்கில் மோசடி செய்து, மாதம் ஒரு கூட்டம் போலீசில் மாட்டுகிறது.

பினாங்குத்தம்பி | திங்கள், இரவு 9.20

சதுரத்தில் மூலை மழுங்கி வெண்மையாக இருந்தால் இலங்கையின் ஐந்து சதமாக இருக்கலாம். செம்பு நிறம் என்றால் எங்கள் ஊர் ஒரு காசு, அதாவது ஒரு சென்ட். 1919 முதல் 1926 வரை என்றால் நீரிணைக் குடியேற்றம், ஆறாம் ஜார்ஜ் தலை என்றால் மலாயா. நூறு ஆண்டு ஆகாதது ஏதாவது இருக்கிறதா என்று வக்கீல் அண்ணனைக் கேட்டுச் சொல்லுங்கள்.

ஓட்டைக்காலணா | செவ்வாய், இரவு 7.15

பட்டியலில் ஒன்றை எழுதாமல் விட்டேன். புட்டியின் அடியில் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு காசு. துணி பழுப்பேறி, முடிச்சு கல் மாதிரி இறுகியிருக்கிறது. ரூபாய் அளவு இருக்கும் என்று தடவிப் பார்த்தால் தெரிகிறது. அவிழ்க்கலாமா?

பெட்டகம் | செவ்வாய், இரவு 7.22

புட்டியோடு என்று சொல்லித்தானே விற்றார்கள். அவிழுங்கள். விக்டோரியாவாக இருக்கும்.

வளவுக்காரி | செவ்வாய், இரவு 7.40

அவிழ்க்காதீர்கள். அது நேர்ந்து முடிந்த காசு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், கப்பலில் போனவரிடமிருந்து கடிதம் வரவில்லை என்றாலும் சாமியை நினைத்து ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வைப்பார்கள். காரியம் ஆனதும் உண்டியலில் சேர்க்க வேண்டும். அது சேராமல் கிடந்திருக்கிறது. விற்றவர்களுக்கே அது புட்டியில் இருப்பது தெரிந்திருக்காது. நீங்கள் வாங்கியது புட்டியை. இது அந்த வீட்டுக்கு உரியதும் இல்லை, உங்களுக்கு உரியதும் இல்லை.

சட்டப்புள்ளி | செவ்வாய், இரவு 8.05

ரசீதில் புட்டியும் உள்ளிருப்பவையும் என்று இருந்தால் சட்டப்படி அவருடையது. வளவுக்காரி சொல்வது என் எல்லைக்கு வெளியே இருக்கிறது. என் அம்மாவைக் கேட்டேன், அவர் வளவுக்காரி பக்கம்.

உரைகல் | புதன், காலை 5.50

கடன் தீர்க்காமல் மீட்க வந்தவருக்கு நகையை நான் ஒருபோதும் திருப்பிக் கொடுத்ததில்லை. ஆனால் தாலிக் கயிற்றோடு வந்தால் கயிற்றை அவிழ்த்து அவர்களிடமே கொடுத்துவிட்டுத்தான் தங்கத்தை எடை போடுவேன். நீங்கள் அந்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஓட்டைக்காலணா | ஞாயிறு, மாலை 6.30

இன்று காலை போய் வந்தேன். வீட்டில் வயதான ஆச்சி ஒருவர் மட்டும் இருந்தார், ஏலத்தன்று உள்ளே வளவில், அதாவது உள்முற்றத்தில், இருந்தாராம். துணியைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தார். தன் மாமியார் முடிந்ததாக இருக்கும், எந்தச் சாமிக்கு என்று தெரியாது என்றார். பழனிக்கு என்று வைத்துக்கொள்வோம், தைப்பூசத்துக்கு நடந்து போகிறவர்கள் யாரிடமாவது கொடுத்துவிடு தம்பி என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கள் தெருவிலிருந்து ஆண்டுதோறும் போகிறார்கள். அதுவரை பூசை மாடத்தில் இருக்கும். காபி கொடுத்து, பேச்சுவாக்கில், தட்டுக் காசில் சிலதை அவர் கணவர் 1980களில் சிங்கப்பூர்த் தெருக்கடையில் பொழுதுபோகாமல் வாங்கி வந்தார் என்றும் சொன்னார்.

பினாங்குத்தம்பி | ஞாயிறு, மாலை 6.41

ஆகா, அந்த 21.3 கிராம்!

பெட்டகம் | ஞாயிறு, மாலை 6.50

நல்ல காரியம். இருந்தாலும் முப்பது ஆண்டு பழக்கம், கேட்காமல் இருக்க முடியவில்லை. துணியோடு எடையாவது போட்டுப் பார்த்தீர்களா?

ஓட்டைக்காலணா | ஞாயிறு, மாலை 7.02

போட்டேன் ஐயா. துணியோடு 12.4. காந்தமும் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.